கார் ஸ்டார்ட் ஆக மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

"வண்டி ஸ்டார்ட் ஆக லேட்டாகுது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறதா, இல்லை செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்க நேரமாகிறதா? ஓட்டுபவருக்கு இரண்டும் ஒரே தொல்லைதான். ஆனால் முதலாவதற்குக் காரணம் பெரும்பாலும் பேட்டரி, கேபிள், செல்ஃப் மோட்டார். இரண்டாவதற்குக் காரணம் பெரும்பாலும் பெட்ரோல் அல்லது டீசல் வரும் பாதை, பிளக், சென்சார். இதைப் பிரிக்காமல் இறங்கினால் நல்ல பேட்டரியைத் தூக்கிப் போடுவோம், அல்லது கேபிளைத் துடைத்தால் போதும் என்ற இடத்தில் இன்ஜெக்டரைக் கழற்றுவோம். இரண்டையும் நிறையப் பார்த்துவிட்டேன்.

ஆகவே முதல் கருவி காதுதான். பாட்டு, ஏசி, ஃபேன், விளக்கு எல்லாவற்றையும் அணையுங்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு ஒருமுறை ஸ்டார்ட் செய்யுங்கள். செல்போனில் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். வண்டி நன்றாக இருந்த காலத்துச் சத்தம் உங்களுக்கு நினைவிருக்கும். அதோடு ஒப்பிட்டால் எந்தப் பக்கம் போவது என்று தெரிந்துவிடும்.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர், 10 எண் ஸ்பானர், உப்புத்தாள், முடிந்தால் செல்போனோடு இணையும் ஓபிடி ரீடர் (வண்டியின் கம்ப்யூட்டர் சொல்லும் எண்களையும் கோளாறுக் குறியீடுகளையும் படிக்கும் சின்னக் கருவி). எதைச் சோதித்தாலும் ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில். மோதிரம், வாட்ச், காப்பைக் கழற்றிவிடுங்கள். செல்ஃபை ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் அடிக்க வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் அரை நிமிடமாவது ஆறவிட்டு மறுபடி முயலுங்கள். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும் பொருள். விடாமல் அடித்தால் சுருள் கருகிவிடும்.

## செல்ஃப் மெதுவாக, இழுத்து இழுத்துச் சுற்றுகிறது

அதிகமாக வரும் கோளாறு இதுதான். செலவில்லாத சோதனையில் ஆரம்பித்து வரிசையாகப் போங்கள்.

### முதலில் ஹெட்லைட்

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, சுவரில் விழும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே ஸ்டார்ட் செய்யுங்கள். வெளிச்சம் அடியோடு மங்கினால் பேட்டரியில் தெம்பில்லை, அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மேல் இழுக்கிறது. வெளிச்சம் அப்படியே இருக்க, செல்ஃப் மட்டும் சோம்பினால் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டாம். கேபிள், இணைப்பு, செல்ஃப் மோட்டார் ஆகிய மூன்றில் ஒன்று.

### டெர்மினல்

பேட்டரியின் இரண்டு டெர்மினல்களையும் கையால் திருகிப் பாருங்கள். துளி அசைந்தாலும் அது தளர்வுதான். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியாக நெகட்டிவ். இந்த வரிசை மாறினால் ஸ்பானர் பாடியில் பட்டு ஷார்ட் ஆகும். வெந்நீரில் சமையல் சோடா கரைத்துத் துடைத்து, காயவிட்டு, உள்பக்கத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து இறுக்குங்கள். மேலே கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் பூப்பது குறையும். வெளியே பார்க்கச் சுத்தமாக இருந்தாலும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். கறுத்த படலம் கவ்விக்கும் ஈயத்துக்கும் நடுவில்தான் ஒளிந்திருக்கும்.

### பேட்டரி

இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் அளவு எடுங்கள். ஓட்டி நிறுத்திய உடனே எடுத்தால் மீட்டர் ஏமாற்றும். அவசரம் என்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சற்று நேரம் கழித்து எடுக்கலாம்.

12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. இது சாதாரண ஈய அமில பேட்டரிக்கான கணக்கு.

ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பி நிற்காதீர்கள். 12.6 காட்டிக்கொண்டே உள்ளுக்குள் செத்துப்போன பேட்டரிகள் உண்டு. அசல் சோதனை, செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு நிற்கிறது என்பது. மீட்டரை பேட்டரியில் வைத்துக்கொண்டு வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். இன்ஜின் பிடித்துவிடாமல் இருக்க ஃபியூயல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிடலாம். செல்ஃப் சுற்றும்போது 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பேட்டரி நன்றாக இருக்கிறது. 9.6க்குக் கீழே விழுந்தால், முழு சார்ஜ் ஏற்றிவிட்டு இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் விழுந்தால் பேட்டரி போய்விட்டது, அல்லது செல்ஃப் மோட்டார் உள்ளே சிக்குகிறது. பேட்டரியை மட்டும் கழற்றி லோடு டெஸ்டரில் வைத்தால் எது என்று தெரிந்துவிடும்.

குளிர் காலத்தில் மட்டும் இந்தத் தொல்லை என்றால் அதற்கும் காரணம் உண்டு. உறைநிலைக்கு வந்தாலே பேட்டரியின் இழுவைத் திறன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அதே நேரத்தில் ஆயில் கெட்டியாகி இன்ஜினும் கனக்கிறது. கையேட்டில் சொன்னதைவிடத் தடித்த ஆயில் ஊற்றியிருந்தால் இது இன்னும் மோசமாகும். வெயில் காலம் வேறு விதம்: வெப்பம் பேட்டரியின் ஆயுளை மெல்லத் தின்றுவிடும், ஆனால் அந்தச் சேதம் முதல் குளிர் நாளில்தான் வெளியே தெரியும்.

புது பேட்டரி வாங்குவதென்றால் ஒரு கவனம். சிக்னலில் தானாக அணைந்து எழும் வசதியுள்ள வண்டிக்கு, அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகை பேட்டரிதான் போட வேண்டும். சாதாரண பேட்டரி போட்டால் சீக்கிரம் படுத்துவிடும். சில வண்டிகளில் புது பேட்டரி போட்டதை ஸ்கேனர் வழியாகப் பதிவும் செய்ய வேண்டும்.

### கேபிளும் எர்த்தும்

எர்த் என்பது பேட்டரியின் நெகட்டிவ்வை பாடியோடும் இன்ஜினோடும் இணைக்கும் கேபிள். எனக்குத் தெரிந்து எல்லாரும் தாண்டிப் போகும் சோதனை இது. புது பேட்டரி போட்ட மறுநாளும் செல்ஃப் இழுத்தால் நேராக இங்கே வாருங்கள்.

மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனை பேட்டரியின் பாசிட்டிவ் முளையில், அதாவது கவ்வியின் மேல் இல்லாமல் முளையின் மேலேயே. கறுப்பு முனை செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டில். செல்ஃப் அடிக்கும்போது மீட்டர் 0.5 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். அடுத்து எர்த் பக்கம்: கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவ் முளையில், சிவப்பு முனை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இரும்பில். செல்ஃப் அடிக்கும்போது 0.2 வரை சரி. 0.5ஐத் தாண்டினால் எர்த் கெட்டிருக்கிறது.

மீட்டர் இல்லையா? ஜம்ப் கேபிளின் ஒரு வயரை எடுத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ்விலும் மறுமுனையை இன்ஜினின் வெற்று இரும்பிலும் கவ்வவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். செல்ஃப் சட்டென்று வேகமாகச் சுற்றினால் குற்றவாளி எர்த் கேபிள்தான். இரண்டு நிமிட வேலை.

எர்த் கேபிள் பாடியிலும் கியர்பாக்ஸிலும் போல்ட் போட்டிருக்கும் இடத்தைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்கினால் பாதி வண்டிகள் சரியாகிவிடும். ரப்பர் உறைக்குள் செம்பு பச்சையாகி உப்பியிருந்தால் கேபிளையே மாற்றுங்கள்.

### சார்ஜ் ஏறுகிறதா

ஸ்டார்ட் ஆன பிறகு பேட்டரியில் 13.8 முதல் 14.7 வோல்ட் வர வேண்டும். ஹெட்லைட், ஏசி போட்டாலும் 13.5க்கு மேல் நின்றால் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. புதிய வண்டிகள் சிலவற்றில் கம்ப்யூட்டரே சார்ஜிங்கை ஏற்றி இறக்கும் என்பதால், ஒரு கணம் குறைவாகக் காட்டினால் பதறாமல் சில நிமிடம் பாருங்கள். 12.6ஐத் தாண்டி ஏறாமலே கிடந்தால் முதலில் பெல்ட் தளர்வா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போங்கள்.

தினமும் சில நிமிடம் மட்டும் ஓடும் வண்டியில் எல்லாம் நன்றாக இருந்தும் பேட்டரி இறங்கும். செல்ஃப் அடித்து எடுத்ததைத் திருப்பி ஏற்ற நேரம் போதவில்லை, அவ்வளவுதான். அவ்வப்போது சார்ஜரில் போடுவது புது பேட்டரியைவிட நல்ல தீர்வு.

### இரண்டு நாள் நின்றால் மட்டும் மெதுவாகிறது

நிறுத்திய பிறகும் ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடிக்கிறது. டேஷ்கேம், வெளியில் மாட்டிய மியூசிக் சிஸ்டம், அலாரம், அணையாத டிக்கி விளக்கு ஆகியவை முதல் சந்தேகம். அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு இரவு விட்டுப் பாருங்கள்.

அளந்து பார்ப்பதானால் மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, நெகட்டிவ் முளைக்கும் கேபிளுக்கும் நடுவில் தொடராக இணையுங்கள். கதவுகளைப் பூட்டி, சாவியைத் தள்ளி வைத்து, அரை மணி நேரமாவது காத்திருங்கள். வண்டியின் கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக அவ்வளவு நேரமாகும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. அதிகம் என்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுத்ததும் அளவு விழுகிறதோ அந்தப் பாதையில்தான் ஒழுக்கு. மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்பக் கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

### கடைசியாக, செல்ஃப் மோட்டார்

மேலே சொன்னது எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் இங்கே வாருங்கள். கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், அல்லது புஷ் தேய்ந்து உள்ளே உரசும். காலையில் நன்றாகச் சுற்றிவிட்டு, ஓடிச் சூடான பிறகு மட்டும் இழுப்பது தேய்ந்த செல்ஃபின் வழக்கமான குணம். மோட்டாரைக் கழற்றுவது ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை. பல நேரம் பிரஷும் புஷ்ஷும் மாற்றினாலே போதும் என்பதால், முழு மோட்டார் மாற்றச் சொன்னால் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

## செல்ஃப் சுற்றவே இல்லை, சத்தம் மட்டும் வருகிறது

"டக டக டக" என்று வேகமாக அடித்தால் பேட்டரி காலி, அல்லது டெர்மினல் தளர்வு. ஜம்ப் கொடுத்துப் பாருங்கள்.

ஒரே ஒரு "டக்" மட்டும் வந்து அமைதியானால், விளக்குகளும் பிரகாசமாக இருந்தால், சொலினாய்டு (செல்ஃபுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்) அல்லது பிரஷ். செல்ஃப் மோட்டாரின் உடம்பில் மரக்கட்டையால் லேசாகத் தட்டிக்கொண்டே வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொன்னால் சில நேரம் சுற்றிவிடும். அப்படிச் சுற்றினால் நேராக எலக்ட்ரீஷியனிடம் ஓட்டிச் செல்லுங்கள். அடுத்த முறையும் தட்டினால் எழும் என்று நம்பியிருக்காதீர்கள்.

"வீ..." என்று மோட்டார் மட்டும் வெறுமனே சுற்றி இன்ஜின் அசையவில்லை என்றால் பென்டிக்ஸ் பினியன் (செல்ஃபின் முனையில் உள்ள சின்னப் பல்சக்கரம்) இன்ஜினின் பல்லில் விழவில்லை. கழற்றித்தான் ஆக வேண்டும்.

எந்தச் சத்தமும் இல்லை, ஆனால் டேஷ்போர்டு எரிகிறது என்றால் முதலில் எளிதானதைப் பாருங்கள். ஆட்டோமேட்டிக்கில் பார்க்கில் பிடிக்காதது நியூட்ரலில் பிடிக்கிறதா? கிளட்ச்சை அடிவரை அழுத்தினீர்களா? புஷ் பட்டன் வண்டியில் பிரேக் மிதிக்கும்போது பின்பக்க பிரேக் லைட் எரிகிறதா? எரியவில்லை என்றால் பிரேக் சுவிட்ச்தான் தடுக்கிறது. அப்புறம் ஸ்டார்ட்டர் ரிலே, ஃபியூஸ்.

ஜம்ப் கொடுக்கும் வரிசை: சிவப்பு வயர் முதலில் இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவ், பின் நல்ல பேட்டரியின் பாசிட்டிவ். கறுப்பு வயர் நல்ல பேட்டரியின் நெகட்டிவ், கடைசி முனை இறங்கிய வண்டியின் இன்ஜின் இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசி இணைப்பில் பொறி வரும்; பேட்டரி அருகே ஹைட்ரஜன் இருக்கலாம் என்பதால் இந்தத் தூரம் முக்கியம்.

## நன்றாகச் சுற்றுகிறது, காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு மட்டும் நேரமாகிறது (பெட்ரோல்)

இரவெல்லாம் நின்ற வண்டியில் ஐந்தாறு விநாடி சுற்றிய பிறகு பிடிக்கிறது. அதன் பிறகு நாள் முழுக்கத் தொட்டவுடன் ஸ்டார்ட் ஆகிறது. இந்த வடிவம் அப்படியே பொருந்தினால் பெட்ரோல் அழுத்தத்தை முதலில் சந்தேகியுங்கள்.

### சாவி சோதனை

சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பி இரண்டு மூன்று விநாடி நிறுத்துங்கள். புஷ் பட்டன் என்றால் பிரேக்கை மிதிக்காமல் ஆன் வரும்வரை அழுத்துங்கள். பல வண்டிகளில் பின்சீட்டுப் பக்கமிருந்து பம்ப் "உய்ங்" என்று ஓடி நிற்பது கேட்கும். அணைத்துவிட்டு இதையே மூன்று முறை செய்து, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.

உடனே பிடித்தால், இரவில் குழாயின் அழுத்தம் எங்கோ இறங்கிவிடுகிறது. காரணம் மூன்றில் ஒன்று: பம்ப்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு, பிரஷர் ரெகுலேட்டர், ஒழுகும் இன்ஜெக்டர்.

இங்கே ஒரு பிரிவைச் செய்ய வேண்டும், ஏனென்றால் இந்த மூன்றும் ஒரே அளவு ஆபத்தானவை இல்லை. வால்வுதான் பழுது என்றால், காலையில் சாவியை இரண்டு முறை ஆன் செய்து ஸ்டார்ட் செய்யும் பழக்கத்தோடு கொஞ்ச காலம் ஓட்டலாம். இன்ஜெக்டர் ஒழுகினால் அப்படி விடக் கூடாது. ஒழுகும் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவி, ஆயில் பேனிலும் கலக்கும். எப்படிப் பிரிப்பது? முதல் ஸ்டார்ட்டில் சைலன்சரில் பச்சைப் பெட்ரோல் வாடை, சில விநாடி உதறல், ஒரு கறுப்புப் புகை இருந்தால் இன்ஜெக்டர். டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தால் பெட்ரோல் வாடை வந்தாலும் அதுவேதான். எதுவும் இல்லாமல் சுத்தமாகப் பிடித்தால் வால்வு. உறுதி செய்ய மெக்கானிக் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்க வேண்டும். இதைக் கேட்டு வாங்குங்கள். கேஜ் வைக்காமல் பம்ப்பை மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பம்ப் ஓடும் சத்தமே கேட்கவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, அதன் பிறகு பம்ப். சில வண்டிகளில் டிரைவர் கதவைத் திறந்ததுமே பம்ப் ஓடிவிடும் என்பதால் கதவைத் திறக்கும்போதும் காது கொடுங்கள்.

### சாவி சோதனையால் மாற்றமே இல்லை என்றால்

ஓபிடி ரீடரை மாட்டி, இரவெல்லாம் ஆறிய இன்ஜினில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் இரண்டு எண்களைப் பாருங்கள்: கூலன்ட் வெப்பநிலை, உள்வாங்கும் காற்றின் வெப்பநிலை. இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக, வெளியே உள்ள வெப்பத்தோடு ஒத்து இருக்க வேண்டும். வெளியே 25 டிகிரி இருக்கும்போது கூலன்ட் 70 என்று காட்டினால், இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருப்பதாக நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துக் கொடுக்கிறது. சென்சார் சின்னது, பெரும்பாலும் செலவும் சின்னது.

அதே ரீடரில் செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் பாருங்கள். 200 பக்கமாக ஏதாவது எண் வந்தால், இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் பேசுகிறது. பூஜ்யத்திலேயே நின்றால் அந்த சென்சார் அல்லது அதன் வயர். பி 0335 என்ற கோளாறுக் குறியீடு வந்தால் கிராங்க் சென்சார், பி 0340 கேம் சென்சார். கேம் சென்சார் போன பல வண்டிகள் நெடுநேரம் சுற்றிவிட்டுப் பிடிக்கும், ஓடும்போது குறையே தெரியாது. பி 0016 வந்தால் டைமிங் செயின் நீண்டிருக்கலாம். அது மெக்கானிக் திறந்து பார்க்க வேண்டிய விஷயம்.

ஸ்பார்க் பிளக் மாற்றி எத்தனை காலம் ஆயிற்று என்று நினைவில்லை என்றால் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். முனை உருண்டு, இடைவெளி அகன்றிருந்தால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் பழைய பெட்ரோலும் ஒரு காரணம். புதிதாகக் கொஞ்சம் நிரப்பி ஓட்டிப் பார்த்த பிறகு மற்றதைத் தொடுங்கள்.

## ஓடி நிறுத்திய பிறகு, சூடாக இருக்கும்போது மட்டும் நேரமாகிறது

காலையில் நன்றாக எழுகிறது. ஓட்டிவிட்டுக் கால் மணி நேரம் நிறுத்தி வந்து பார்த்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பல பெட்ரோல் இன்ஜின்களில் இப்படி மிதித்தால் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரை மூடிவிட்டு வெறும் காற்றை உள்ளே விடும். பிடித்ததும் உடனே காலை எடுத்துவிடுங்கள். இந்த முறையில் எழுந்தால் உள்ளே பெட்ரோல் அதிகமாகத் தேங்கியிருந்தது. ஒழுகும் இன்ஜெக்டர், மூடாத பர்ஜ் வால்வு (டேங்க்கின் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்குள் விடும் வால்வு), தவறாகச் சொல்லும் கூலன்ட் சென்சார் ஆகியவற்றைத் தேடுங்கள்.

அப்படியும் எழவில்லை, ஒரு மணி நேரம் ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது என்றால் கிராங்க் சென்சார். சூட்டில் செத்து, ஆறினால் உயிர் பெறுவது இந்த சென்சாருக்குப் பழக்கம். கோளாறு இருக்கும் அந்த நேரத்திலேயே ஆர்பிஎம் பார்த்தால்தான் பிடிபடும். இதைத் தள்ளிப்போட வேண்டாம். இதே சென்சார் ஓடும்போதும் இன்ஜினை நிறுத்திவிடும்.

## பெட்ரோல் போட்ட உடனே மட்டும்

பங்கில் டேங்க் நிரப்பிக்கொண்டு ஸ்டார்ட் செய்தால் திணறுகிறது, மற்ற நேரம் சரி. பர்ஜ் வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கிறது. டேங்க்கில் எழும் ஆவி நேராக இன்ஜினுக்குள் போய்விடுகிறது. இன்ஜினை அணைத்து, கேனிஸ்டர் (அந்த ஆவியைப் பிடித்து வைக்கும் டப்பா) பக்கக் குழாயைக் கழற்றி, ஒரு சிறு குழாய் செருகி வால்வுக்குள் மெதுவாக ஊதுங்கள். மின்சாரம் இல்லாதபோது காற்று போகக் கூடாது. உறிஞ்ச மட்டும் வேண்டாம், பெட்ரோல் ஆவி. காற்று போனால் வால்வை மாற்றுங்கள், பெரும்பாலும் கையாலேயே முடியும். அப்புறம், நாசில் தானாக நின்ற பிறகு மேலும் மேலும் நிரப்புவதை நிறுத்துங்கள். கேனிஸ்டருக்குள் பெட்ரோல் போவது அதனால்தான்.

## ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தால்தான் பிடிக்கிறது

இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் கரி. ஏர் ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயைக் கழற்றி, இக்னிஷன் ஆஃப் நிலையில், அதற்கான கிளீனரைத் துணியில் தெளித்து ஓரங்களைத் துடையுங்கள். மின்சாரத்தில் இயங்கும் தகட்டை விரலால் பலமாகத் தள்ளாதீர்கள். அந்த கிளீனர் ஏர் ஃப்ளோ சென்சாரில் படவே கூடாது. சுத்தம் செய்த பிறகு ஐடில் கொஞ்சம் ஏறி இறங்கலாம். தானாகச் சரியாகாவிட்டால் ஸ்கேனரில் மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். கரியில்லை என்றால் வெடித்த வேக்யூம் குழாயைத் தேடுங்கள். "உஸ்" என்ற சத்தம் காட்டிக்கொடுக்கும்.

## பிடித்து, இரண்டு விநாடியில் அணைந்துவிடுகிறது

டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டுச் சின்னம் மின்னுகிறதா பாருங்கள். மின்னினால் இம்மொபிலைசர், அதாவது சாவியை அடையாளம் காணாவிட்டால் இன்ஜினைத் தடுக்கும் பூட்டு. இன்னொரு சாவியை வைத்து முயலுங்கள். சாவி பேட்டரியை மாற்றுங்கள். இரண்டு சாவியிலும் அதேதான் என்றால் கம்பெனி ஸ்கேனர் தேவை, வீட்டில் செய்ய எதுவும் இல்லை.

## டீசல் வண்டி

டீசலுக்கு முதல் நிபந்தனை சுற்றும் வேகம். செல்ஃப் கொஞ்சம் சோம்பினாலே காற்று போதுமான அளவு சூடாகாது, இன்ஜின் பிடிக்காது. அதனால் டீசல் பாதையில் கை வைப்பதற்கு முன் மேலே உள்ள பேட்டரி, எர்த் சோதனைகளை முடித்துவிடுங்கள்.

### குளிரில் மட்டும் நேரமாகிறது, வெள்ளைப் புகை, ஒரு நிமிடம் உதறல்

குளிர்ந்த இன்ஜினின் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக். முதலில் டேஷ்போர்டில் சுருள் விளக்கு அணையும்வரை காத்திருந்துதான் ஸ்டார்ட் செய்கிறீர்களா என்று பாருங்கள். அப்படியும் தொல்லை என்றால் பிளக்கின் வயரைக் கழற்றி, தலைக்கும் இன்ஜின் இரும்புக்கும் இடையே ஓம் அளவிடுங்கள். 0.5 முதல் 2 ஓம் வரை நல்ல பிளக். எல்லையில்லாமல் காட்டினால் அறுந்துவிட்டது. எல்லாப் பிளக்கும் நன்றாக இருந்தால் ரிலே அல்லது கன்ட்ரோலர்.

பிளக்கை வெளியே எடுத்து நேராக 12 வோல்ட் கொடுத்துச் சோதிக்கும் பழைய வழக்கம் வேண்டாம். புதிய இன்ஜின்களில் குறைந்த வோல்ட் பிளக் இருக்கும், கருகிவிடும். கழற்றுவதை இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது செய்யுங்கள். ஸ்பானருக்கு அசையாமல் இறுகியிருந்தால் அங்கேயே விட்டுவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள். பிளக் ஹெட்டுக்குள் முறிந்தால் செலவு எங்கேயோ போய்விடும்.

### எந்த வெப்பத்திலும், நின்று எழுந்தால் நேரமாகிறது

ஏர் பிடிக்கிறது. ஃபில்டர் மாற்றிய பிறகு ஆரம்பித்ததென்றால் கிட்டத்தட்ட உறுதி. ஹேண்ட் பம்ப் இருக்கும் வண்டியில், காலையில் அதை அழுத்திப் பாருங்கள். தொளதொளவென்று இருந்து, பலமுறை அழுத்திய பிறகு இறுகி, பின் உடனே ஸ்டார்ட் ஆனால் எங்கோ காற்று புகுகிறது. ஃபில்டர் சீல், குழாய் இணைப்பு, ஹேண்ட் பம்ப் ஆகியவற்றில் ஈரக்கசிவைத் தேடுங்கள். இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு இரவு வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்துங்கள், மறு இரவு மூக்கு கீழே. மேல்நோக்கி நின்ற காலையில் மட்டும் மக்கர் செய்தால் டீசல் டேங்க்குக்குத் திரும்ப வடிகிறது.

ஃபில்டரின் அடியில் உள்ள தண்ணீர்த் திருகையும் திறந்து வடித்துவிடுங்கள்.

### அதற்கு மேல்

காமன் ரெயில் இன்ஜினில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ரெயில் என்ற ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) ரெயில் அழுத்தம் ஒரு குறைந்தபட்ச அளவுக்கு வராமல் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்காது. பி 0087 குறியீடு அல்லது ஸ்கேனரில் மெதுவாக ஏறும் ரெயில் அழுத்தம் இருந்தால், தேய்ந்த இன்ஜெக்டர் திரும்பக் குழாயில் அதிகமாக விடுகிறது, அல்லது ஹை பிரஷர் பம்ப் தளர்ந்துவிட்டது. இங்கே உங்கள் வேலை முடிந்தது. பழைய இன்ஜினில் செய்ததுபோல இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்திப் பார்க்கவே கூடாது. ஓடும்போது உள்ளே ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் உண்டு. ஊசிபோல வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படி நேர்ந்தால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனை. டீலரிடம் இன்ஜெக்டர் ரிட்டர்ன் சோதனையைக் கேளுங்கள்; எந்த சிலிண்டரில் அதிகம் என்பது அளவோடு தெரியும், நான்கையும் மாற்ற வேண்டியிருக்காது.

ஹீட்டர் பிளக் உள்ள டீசலில் ஈதர் ஸ்ப்ரே அடித்து ஸ்டார்ட் செய்யாதீர்கள். சூடான பிளக்கில் பட்டு வெடித்து பிஸ்டன் உடையும்.

## சுற்றும் சத்தமே மாறிவிட்டது: உடனே நிறுத்துங்கள்

இங்கே எதையும் மறுபடி முயன்று பார்க்கக் கூடாது.

வழக்கத்தைவிட வேகமாக, பாரமே இல்லாததுபோல "விர்ர்" என்று இன்ஜின் சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். மேலும் சுற்றினால் வால்வும் பிஸ்டனும் மோதும்.

தேங்கிய தண்ணீரில் ஓட்டிய பிறகு செல்ஃப் "டங்" என்று முட்டி நின்றால் சிலிண்டருக்குள் தண்ணீர். தண்ணீரை அழுத்த முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். வண்டியை டோ செய்யுங்கள். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் சுற்ற வேண்டும்.

ஒரே சீராகச் சுற்றாமல், மூன்று துடிப்பு கனமாகவும் ஒன்று லேசாகவும் கேட்டால் ஒரு சிலிண்டரில் கம்ப்ரெஷன் இல்லை. கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள்.

## சில நாள் மட்டும் வருகிறது, மெக்கானிக்கிடம் போனால் வருவதில்லை

மிகவும் அலைக்கழிக்கும் வகை. ஒவ்வொரு முறை வரும்போதும் செல்போனில் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை மணி நேரம் நின்றது, இன்ஜின் சூடா குளிரா, மழையா, சரிவில் நின்றதா, டேங்க்கில் எவ்வளவு எரிபொருள், எத்தனை விநாடி சுற்றியது, எந்த விளக்கு எரிந்தது. டாக்கோமீட்டர் முள் தெரியும்படி ஒரு வீடியோவும் எடுங்கள். ஐந்தாறு குறிப்பு சேர்ந்தால் மேலே உள்ள தலைப்புகளில் ஒன்றோடு அது ஒட்டிக்கொள்ளும். மழை நாளில் மட்டும் என்றால் இக்னிஷன் காயில், வயர். டேங்க் கால்வாசிக்குக் கீழே இருக்கும்போது மட்டும் என்றால் பம்ப். குறிப்பில் எந்த ஒழுங்கும் தெரியாவிட்டால் பேட்டரி டெர்மினலையும் எர்த்தையும் மறுபடி கழற்றித் துடைத்துவிட்டு, அந்தக் குறிப்போடும் வீடியோவோடும் வண்டியை ஒரு இரவு முழுக்க மெக்கானிக்கிடம் விட்டு, காலையில் முதல் ஸ்டார்ட்டை அவரே ஸ்கேனர் மாட்டிச் செய்யும்படி கேளுங்கள்.